சூலகமும் பரம்பரையும்: பழி யாருக்குரியது?

மணமாகி ஈராண்டு மூவாண்டு கழிந்தும் பிள்ளைப்பேறு வாய்க்காத வீடுகளிலே முதலிற் கேள்விக்குள்ளாகின்றவள் பெண்ணே. அவளுடைய சாதகம் மீண்டும் விரிக்கப்படுகின்றது. அவள்பொருட்டு நேர்த்திகள் வைக்கப்படுகின்றன. மங்கல வினைகளில் அவள் மெல்ல மெல்லப் பின்வரிசைக்குத் தள்ளப்படுகின்றாள். 'மலடி' என்னும் சொல்லை முகத்துக்கு நேரே கூறாதவரும் மறைவிற் கூறத் தயங்குவதில்லை. 'மலடன்' என்னும் சொல்லும் நம் மொழியில் உண்டு. ஆயினும் அதனை ஒருவர் வாயிலிருந்து கேட்டோர் மிகச் சிலரே. இணையாக அமைந்த இரு சொற்களுள் ஒன்று நாள்தோறும் வழங்க, மற்றையது அகராதியிலேயே கிடக்குமாயின், குறை மொழியினது அன்று. அதனை வழங்கும் நம்முடையது.

இக்காலத்தில் இப்பழி புதியதோர் ஆடையும் புனைந்து கொண்டது. 'விதி' என்று முன்னர் கூறியவர்கள் இப்போது 'ஜீன்' என்கின்றனர். "அவளுடைய பரம்பரையிலேயே குறை" என்னும் கூற்று, கற்றவர் வீடுகளிலும் விஞ்ஞானத்தின் பெயரால் உலவுகின்றது. சொல் மாறியதேயன்றிப் பொருள் மாறவில்லை. பெண்ணின் உடலிலே, பிறப்போடு வந்த, மாற்றவொண்ணாத குற்றம் ஒன்று உளதென்பதே இரண்டின் கருத்துமாகும். மனித சூலகத்தின் கலங்களிலே ஓமோன்கள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன, பரம்பரையலகுகள் அவ்வாக்கத்தை எவ்வாறு ஆளுகின்றன என்பதைச் சிறிதேனும் அறிந்தவர்கள் இப்பழியைச் சுமத்தத் துணியார் என்பது எமது துணிபு.

ஆண்கள் கல்லூரியொன்றின் மலரிலே, அதுவும் தமிழ் கற்பிப்போர், இப்பொருளை எழுதுவது தகுமோ எனச் சிலர் வினவலாம். இம்மலரை வாசிப்போர் தந்தையர், தமையன்மார், கணவன்மார். பழியைச் சுமத்துவதற்கும் அதனைத் தடுப்பதற்கும் ஆற்றல் உடையோர் அவர்களே. ஆகவே இதற்கு இதனினும் ஏற்ற இடம் வேறில்லை. மொழி கற்பிப்போருக்கும் இதிற் பங்குண்டு. 'சூல்' என்னும் தமிழ்ச்சொல்லை எண்ணிப் பாருங்கள். மழை தரும் முகிலைச் சூல்கொண்ட முகில் என்கின்றோம். கதிர் பொதிந்த நெற்பயிரையும் சூல்கொண்டதென்றே கூறுகின்றோம். வானுக்கும் வயலுக்கும் கூசாது வழங்கிய சொல்லைப் பெண்ணின் உடலுக்கு வழங்கும்போது மட்டும் நாம் குரலைத் தாழ்த்துவது ஏன்?

சூலகங்கள் இரண்டு. ஒவ்வொன்றும் வாதுமைக் கொட்டை வடிவினதாய், மூன்று நான்கு சதமமீற்றர் நீளமுடையதாய் இருக்கும். பெண் குழந்தை பிறக்கும்போதே அவற்றில் பத்து முதல் இருபது இலட்சம் வரையான முட்டைக் கலங்கள் உள. பூப்பெய்தும் காலத்தில் அவை மூன்று நான்கு இலட்சமாகக் குறைந்துவிடும். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுவன ஏறக்குறைய 400 மட்டுமே. ஒவ்வொரு முட்டையும் தனியே கிடப்பதில்லை. புடைப்பு எனப்படும் சிறு கூட்டினுள் இருக்கின்றது. ஒல்லாந்து நாட்டு அறிஞர் கிராவ் 1672 இல் இப்புடைப்புக்களை விரிவாக எழுதிவைத்தார். முதிர்ந்த புடைப்பு இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

புடைப்பின் சுவரிலே இருவகைக் கலங்கள் உள. உட்புறத்தே முட்டையைச் சூழ்ந்திருப்பன சிறுமணிக் கலங்கள். அவற்றுக்கு வெளியே, மெல்லிய சவ்வொன்றுக்கு அப்பால் இருப்பன உறைக் கலங்கள். பெண்ணுடலை ஆளும் ஸ்தெரோயிட்டு ஓமோன்களாகிய ஈஸ்திரஜனும் புரோஜெஸ்திரோனும் இவற்றிலிருந்தே பிறக்கின்றன. ஈஸ்திரஜன் வகையில் முதன்முதலாகத் தூய்மையாகப் பிரிக்கப்பட்டது ஈஸ்திரோன் என்பது. அமெரிக்காவில் டொய்சியும் ஜேர்மனியில் பூற்றெனன்ரும் 1929 இல் தனித்தனியே அதனைப் பிரித்தெடுத்தனர்.

இவ்வோமோன்களுக்கு மூலப்பொருள் கொலஸ்திரோல். இருதய நோய்க்குக் காரணமென நாம் அஞ்சும் அதே கொழுப்புப் பொருளே இங்கு உயிர்ப்பேற்றுக்கு முதலாக அமைகின்றது. கொலஸ்திரோலில் 27 காபன் அணுக்கள் உள. கலத்தின் இழைமணியினுள்ளே அதன் வாலில் ஒரு பகுதி வெட்டப்பட, 21 காபன் அணுக்களையுடைய பிரெக்னெனலோன் உண்டாகின்றது. அது சிறிது மாற்றமடைந்தால் புரோஜெஸ்திரோன். மேலும் இரண்டு காபன் நீங்கினால் 19 அணுக்களையுடைய அந்திரஜன். ஆண்மைக்குரியதென நாம் எண்ணும் ஓமோன் வகை இதுவே. இன்னும் ஒரு காபன் நீங்கினால் 18 அணுக்களையுடைய ஈஸ்திரஜன். ஆகவே ஈஸ்திரஜன் அனைத்தும் அந்திரஜனாக இருந்து பின் மாறியதேயாகும். ஆண் ஓமோன், பெண் ஓமோன் என நாம் வகுக்கும் எல்லை உடலினுள் அத்துணைத் திண்ணியதன்று.

இப்படிகள் ஒவ்வொன்றையும் நிகழ்த்துவது ஒரு நொதியம். ஒவ்வொரு நொதியத்தையும் ஆக்கும் முறை எழுதப்பட்டிருப்பது ஒரு பரம்பரையலகில். ஜீன் என உலகம் வழங்குவது இதனையே. கொலஸ்திரோலை இழைமணியின் உட்சவ்வுக்குக் கொண்டுசெல்லும் புரதம் ஒன்று உண்டு. அது 1994 இல் இனங்காணப்பட்டு 'ஸ்டார்' எனப் பெயர் பெற்றது. வாலை வெட்டும் நொதியத்தின் பரம்பரையலகு 15ஆம் நிறமூர்த்தத்தில் உளது. 21 ஐ 19 ஆக்கும் நொதியத்தின் அலகு 10ஆம் நிறமூர்த்தத்தில் உளது. 19 ஐ 18 ஆக்கும் அரோமற்றேஸ் என்னும் நொதியத்தின் அலகு மீண்டும் 15ஆம் நிறமூர்த்தத்திலேயே உளது.

எமது கருத்துக்கு அச்சாணியான செய்தி இனித்தான் வருகின்றது. புரதங்களை ஆக்குவதற்குரிய அலகுகள் ஏறக்குறைய 20,000 மனிதரிடம் உள. உடலின் கலங்களுள் மிகப் பெரும்பாலானவற்றில் அவை முழுமையாக இருக்கின்றன. கண்ணின் கலத்திலும் அரோமற்றேஸ் அலகு உண்டு, கல்லீரலிலும் உண்டு. ஏட்டுச்சுவடிகள் நிறைந்த பெட்டியொன்றை ஒவ்வொரு வீட்டிலும் வைத்தாற்போன்றது இது. எந்த வீட்டில், எந்த நாழிகையில், எந்தச் சுவடியின் கட்டு அவிழ்க்கப்படும் என்பதே வினா. பெட்டியில் சுவடி இருப்பது வேறு. அது வாசிக்கப்படுவது வேறு.

மனித சூலகத்தில் 21 ஐ 19 ஆக்கும் சுவடியை உறைக் கலம் மட்டுமே விரிக்கின்றது. சிறுமணிக் கலம் அதனை விரிப்பதில்லை. 19 ஐ 18 ஆக்கும் சுவடியை வளரும் புடைப்பில் விரிப்பது பெரும்பாலும் சிறுமணிக் கலம். ஆகவே உறைக் கலம் தனித்து நின்றால் அந்திரஜனோடு நின்றுவிடும். சிறுமணிக் கலம் தனித்து நின்றால் அந்திரஜனைத் தானாக ஆக்கமாட்டாது. ஒன்று நூல் நூற்கின்றது. மற்றையது ஆடை நெய்கின்றது. இடையிலுள்ள சவ்வைக் கடந்து நூல் வந்தாலன்றித் தறி ஓடாது. சுவீடன் நாட்டு அறிஞர் வால்க் என்பார் 1959 இல் எலிகளில் இதனை அழகாக நிறுவினார். சூலகத்தின் கலத் துணுக்குகளையும், ஈஸ்திரஜன் பட்டால் மாறும் இயல்புடைய திசுத்துண்டு ஒன்றையும் எலியின் கண்ணின் முன்னறையில் நாட்டினார். ஒரு வகைக் கலம் தனித்திருந்தபோது அத்திசு மாறவில்லை. இரு வகையும் சேர்ந்திருந்தபோதே மாறியது.

சுவடியின் கட்டை அவிழ்க்கும் ஆணை எங்கிருந்து வருகின்றது? மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து இரண்டு தூதுகள் குருதிவழியே வருகின்றன. மஞ்சட் சடலமாக்கும் ஓமோன் உறைக் கலத்துக்குச் செல்கின்றது. புடைப்புத் தூண்டும் ஓமோன் சிறுமணிக் கலத்துக்குச் செல்கின்றது. கலத்தின் மேற்புறத்தில் அத்தூதைக் கேட்கும் செவிபோன்ற வாங்கி ஒன்று உண்டு. வாங்கி தூதைப் பெற்றதும் கலத்தினுள்ளே வட்ட ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு பெருகுகின்றது. அது நொதியங்களை ஏவ, அவை கருவினுள் இருக்கும் சில புரதங்களைத் தொழிற்படுத்துகின்றன. அப்புரதங்கள் அரோமற்றேஸ் அலகின் தலைப்பகுதியில் சென்று பொருந்துகின்றன. எஸ்.எவ். 1, எல்.ஆர்.எச். 1 எனப்படும் வேறு புரதங்களும் உடன்வந்து துணைநிற்கின்றன. அதன் பின்னரே அலகு வாசிக்கப்படுகின்றது. உடலின் இன்சுலினும் சிறுமணிக் கலத்தின் அயலிலே சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளும் அந்த வாசிப்பைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன.

அரோமற்றேஸ் அலகு ஒன்றேயாயினும் அதற்குத் தலைவாயில்கள் பல. சூலகம் அதனை ஒரு வாயிலாற் திறக்கின்றது. சூல்வித்தகம் வேறொரு வாயிலாற் திறக்கின்றது. கொழுப்புத் திசு இன்னொரு வாயிலை நாடுகின்றது. மாதவிடாய் நின்ற பின்னரும் பெண்ணுடலில் ஈஸ்திரஜன் சிறிதளவு இருப்பது கொழுப்புத் திசுவின் அவ்வாயிலாலேயே.

காலமும் இதில் ஆட்சி செய்கின்றது. ஈஸ்திரஜன் உயர்ந்து ஓரெல்லையை அடைந்ததும் கபச்சுரப்பி மஞ்சட் சடலமாக்கும் ஓமோனை வெள்ளமென வெளியிடுகின்றது. அவ்வெள்ளம் தொடங்கி ஏறக்குறைய 36 மணித்தியாலத்தில் முட்டை வெளிப்படுகின்றது. எஞ்சிய புடைப்பு மஞ்சட் சடலமாக மாறுகின்றது. முன்னர் குருதிக் குழாய் இல்லாதிருந்த சிறுமணிக் கலங்களுக்கு இப்போது குழாய்கள் வந்து சேர்கின்றன. அவற்றோடு கொலஸ்திரோலும் வந்து சேர்கின்றது. ஸ்டார் அலகும் வாலை வெட்டும் நொதியத்தின் அலகும் அங்கே பெரிதும் விரிக்கப்படுகின்றன. நேற்றுவரை ஈஸ்திரஜனையே முதன்மையாக நெய்த கலம் இன்று புரோஜெஸ்திரோனைப் பெருக ஆக்குகின்றது. கலம் மாறவில்லை, பரம்பரை மாறவில்லை, விரித்த சுவடி மாறியது. கரு தரிக்காவிடின் மஞ்சட் சடலம் ஏறக்குறைய 14 நாளில் ஓய்ந்துவிடும்.

கலத்தின் அடையாளத்தையும் ஒரு பரம்பரையலகு காத்து நிற்கின்றது. பொக்ஸ்எல் 2 என்பது அதன் பெயர். 3ஆம் நிறமூர்த்தத்தில் உளது. வளர்ந்த பெண் சுண்டெலியின் சூலகத்தில் அவ்வலகை நீக்கியபோது சிறுமணிக் கலங்கள் ஆணின் விதைக்கலங்களை ஒத்தனவாக மாறின என 2009 இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில், வளர்ந்த பெண்களுக்கு வரும் சிறுமணிக் கலக் கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் இவ்வலகின் ஒரேயோர் எழுத்து மாறியிருப்பதும் கண்டறியப்பட்டது. அம்மாற்றம் பெற்றோரிடமிருந்து வந்ததன்று. அக்கட்டியின் கலங்களிலே பின்னர் நேர்ந்தது. மனிதக் கலங்களைப் பற்றிய இவ்வறிவிற் பெரும்பகுதி, குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சையில் முட்டை எடுக்கும்போது புடைப்பு நீரோடு வெளிவரும் கலங்களை ஆய்ந்ததால் வந்தது. பிள்ளை வேண்டி மருத்துவமனைக்குச் சென்ற பெண்களே இவ்வறிவையும் உலகுக்கு ஈந்தார்கள்.

ஒற்றை அலகின் பிழையால் தொழில் முற்றாகக் கெடுதல் இல்லையோ எனின், உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. பின்லாந்து நாட்டிலே பூப்பெய்தாத பெண்கள் சிலரின் குடும்பங்களை ஆராய்ந்தோர் 1995 இல் ஓர் உண்மையைக் கண்டனர். புடைப்புத் தூண்டும் ஓமோனின் வாங்கியை ஆக்கும் அலகில், 2ஆம் நிறமூர்த்தத்தில், ஓர் எழுத்து மாறியிருந்தது. அப்பெண்களின் ஓமோன் ஆக்கும் நொதியங்களுக்குரிய அலகுகளில் அன்று, செவியிலேயே குறை. கபச்சுரப்பி உரத்துக் கூவியும் சிறுமணிக் கலம் கேட்கவில்லை. இன்னொரு செய்தி 1991 இல் யப்பானிலிருந்து வந்தது. அரோமற்றேஸ் அற்ற சூல்வித்தகத்தோடு வளர்ந்த சிசுவொன்றைத் தாங்கிய தாயின் உடலில், கருப்பகாலத்தில் ஆண்மைக் குறிகள் தோன்றின. சிசு ஆக்கிய அந்திரஜன் ஈஸ்திரஜனாக மாறாது தாயின் குருதியிற் சேர்ந்ததே அதற்குக் காரணம்.

இவ்விரண்டு நோய்களும் பின்னடைவான இயல்புடையன. அஃதாவது, பழுதுற்ற படி ஒன்று தாயிடமிருந்தும் ஒன்று தந்தையிடமிருந்தும் வந்தாலன்றி நோய் தோன்றாது. ஒரு படி மட்டும் உடையவர் நலமாகவே வாழ்வர். ஆகவே 'அவளுடைய தாய்வழியிற் குறை' என்பார் கூற்று எண்கணக்கிலேயே பிழையாகின்றது. தந்தையின் பங்கு அங்கே சரிபாதி. மச்சான் மச்சாள் மணம் நம்மவரிடையே நெடுநாளாக உண்டு. உடன்பிறந்தாரின் மக்கள் தம்முள் எட்டிலொரு பங்கு பரம்பரையைப் பொதுவாக உடையர். அம்மணத்தால் இத்தகைய அரிய நோய்கள் வெளிப்படும் வாய்ப்புச் சற்றே கூடுகின்றது. இம்மணங்களை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. ஆனால் பொருத்தம் பார்ப்போர் அறிந்திருக்க வேண்டிய கணக்கு இது. இக்கணக்கிலும் ஆணும் பெண்ணும் சமமாகவே நிற்கின்றனர்.

மிகப் பலரை வருத்துவது இவ்வரிய நோய்களன்று. பல்பை சூலக நோய்க்குறித் தொகுதியே. சிகாக்கோ நகரில் ஸ்ரைன், லெவென்தால் என்னும் மருத்துவர் இருவர் 1935 இல் ஏழு பெண்களைப் பற்றி இதனை எழுதினர். உறைக் கலங்கள் அளவுக்கு மீறி அந்திரஜனை ஆக்குவதும், புடைப்புக்கள் முதிராது தேங்குவதும், மாதவிடாய் ஒழுங்கிழப்பதும் இதன் குறிகள். பிள்ளைபெறும் வயதினரான பெண்களுள் நூற்றுக்கு 10 முதல் 13 வரையானோர்க்கு இது உண்டென்றும், அவர்களுள் நூற்றுக்கு 70 வரையானோர் தமக்கு இந்நோய் இருப்பதையே அறியார் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நமது நாட்டில் கம்பகா மாவட்டத்தில் நடந்து 2008 இல் வெளிவந்த ஆய்வொன்று நூற்றுக்கு 6.3 எனக் கணித்தது. நூறு மாணவியர் கூடிய மண்டபமொன்றில் ஆறு பேராவது இருப்பர் என்பது இதன் பொருள்.

இந்நோயிற் பரம்பரைக்குப் பங்கு உண்டு, அதனை மறுப்பாரில்லை. சீனத்துப் பெண்களை ஆராய்ந்தோர் 2011 இல் டி.இ.என்.என்.டி. 1ஏ என்னும் அலகை இதனோடு தொடர்புபடுத்தினர். அவ்வலகின் ஒரு வடிவம் உறைக் கலத்தில் மிகும்போது அந்திரஜன் ஆக்கமும் மிகுகின்றதென அமெரிக்க அறிஞர்கள் 2014 இல் காட்டினர். ஆயினும் இங்கு ஓர் அலகு தனியாட்சி செய்வதில்லை. பல அலகுகள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகச் சாய்வு தருகின்றன. குருதியில் இன்சுலின் மிகுந்தால் உறைக் கலம் மேலும் முடுக்கப்படுகின்றது. உணவும் உடலுழைப்பும் உறக்கமும் உடல்நிறையும் அதிற் பங்கு கொள்கின்றன. நிறை மிகுந்தவர் அதனைச் சிறிது குறைத்தாலும் மாதவிடாய் ஒழுங்குபடுதல் பலரிடம் காணப்படுகின்றது.

மருத்துவமும் இங்கு வலிமை உடையது. இந்நோயுடைய 750 பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2014 இல் முடிவு வெளியிட்டனர். அரோமற்றேஸைச் சிறிது காலம் தடுக்கும் லெற்றசோல் என்னும் மருந்தை உண்டவருள் நூற்றுக்கு 27.5 பேர் குழந்தை பெற்றனர். பழைய மருந்தாகிய குளோமிபீனை உண்டவருள் நூற்றுக்கு 19.1 பேர் பெற்றனர். ஈஸ்திரஜன் சில நாள் குறைய, கபச்சுரப்பி விழித்துப் புடைப்புத் தூண்டும் ஓமோனைக் கூட்டுகின்றது, புடைப்பு முதிர்கின்றது. பரம்பரையலகின் ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை. அதன் தொழில் மட்டும் நெறிப்படுத்தப்பட்டது. மாற்றவொண்ணாதது என்று வீட்டார் கைவிட்ட இடத்தில் ஒரு சிறு மாத்திரை வழிதிறக்கின்றது. ஆயினும் அவளை அங்கு அழைத்துச் செல்வார் வேண்டுமே! வெட்கத்தினாலும் பழிக்கு அஞ்சியும் வீணாகக் கழியும் ஆண்டுகளே உண்மையான இழப்பு. முட்டைகளின் தொகை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே செல்கின்றது. அது நமது தயக்கத்துக்காகக் காத்திராது.

'ஜீன்' என்பதை விதியின் மறுபெயராக வழங்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சூலகத்தில் அலகு தனித்து எதனையும் ஆளவில்லை. அயற்கலம் நூல் தரவேண்டும், கபச்சுரப்பி தூது விடவேண்டும், வாங்கி கேட்கவேண்டும், குருதி கொலஸ்திரோலைக் கொணரவேண்டும், உரிய நாள் வரவேண்டும். இத்தனையும் கூடியபோதே சுவடி வாசிக்கப்படுகின்றது. இவற்றுள் எங்கே தடை நேர்ந்தது என்பதை மருத்துவர் ஆராயலாம். பல வேளைகளில் நீக்கவும் நீக்கலாம். தடை நேர்ந்த உடலை உடையாளைக் குற்றவாளியாக்குதற்கு இவற்றுள் எதுவும் இடந்தரவில்லை. அன்றியும், பிள்ளைப்பேறின்மைக்கு ஆணின் பக்கத்துக் காரணம் தனித்தோ உடனாகவோ ஏறக்குறைய அரைவாசித் தம்பதியரிடம் உளது என்பதை மருத்துவ உலகம் நன்கறியும். ஆணைச் சோதித்தல் எளிது, செலவும் குறைவு. ஆயினும் நம்மவருட் பலர் பெண்ணுக்குரிய சோதனைகள் யாவும் முடிந்த பின்னரே ஆணை அழைக்கின்றனர். சிலர் அப்போதும் அழைப்பதில்லை.

"இவை மருத்துவர்க்குரியவை, மாணவர்க்கு எதற்கு?" எனக் கேட்பாருளர். பாடநூலிலே இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயம் உளது. வகுப்பறைக்கு வரும்போது, "வீட்டில் வாசித்துக் கொள்ளுங்கள்" என்று கூறி அதனைக் கடந்துவிடும் வழக்கமும் உளது. பரீட்சைக்கு வேண்டிய படத்தை வரையத் தெரிந்த மாணவன், பத்தாண்டின் பின் தன் மனைவியின் துன்பத்தை விளங்கிக்கொள்ளத் தெரியாதவனாய் நிற்கின்றான். கற்பியாது விட்ட இடத்தை வெறுமை நிரப்புவதில்லை. தெருக்கோடிப் பேச்சு நிரப்புகின்றது.

"தமிழிற் கூற இயலாது" என்பார்க்கும் விடை நம் மண்ணிலேயே உளது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் பிரசவ வைத்திய நூலொன்று 1857 இல் வெளிவந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே பெண்ணின் உடலைப் பற்றித் தமிழிற் கூசாது கற்பித்த ஊர் இது. பின்னர் 1950களில் அரசகருமமொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. சூலகம், நிறமூர்த்தம், நொதியம், கபச்சுரப்பி, மஞ்சட் சடலம் என்று இக்கட்டுரையில் நாம் வழங்கிய சொற்கள் இலங்கைத் தமிழ் மாணவர்க்குப் புதியனவல்ல. சொல் இல்லை என்பது சாட்டு. சொல்லத் துணிவு இல்லை என்பதே உண்மை.

ஆகலின், பழைய மாணவ அன்பர்களிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, ஆண்கள் கல்லூரிகளிலே இவ்வத்தியாயம் வகுப்பில் உரத்துக் கற்பிக்கப்படவேண்டும். பெண் நோய் கொண்டால் ஆணுக்குரிய கடமை யாது என்பதும் உடன் உரைக்கப்படவேண்டும். இரண்டாவது, பிள்ளைப்பேறு தாமதிக்கும் வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே நாளில் ஒருங்கே மருத்துவரிடம் செல்வதை நம் குடும்பங்களின் வழக்கமாக்க வேண்டும். மூன்றாவது, பரம்பரையலகுச் சோதனை மலிந்துவரும் இக்காலத்தில், அதனை மணப்பொருத்தத்தில் இரண்டாவது சாதகமாக்கிப் பெண்களை ஒதுக்கும் கருவியாக வழங்கலாகாது. உறைக் கலத்தின் சாய்வு ஒன்றைக் காட்டும் தாள், ஒரு பெண்ணின் வாழ்வைக் காட்டும் தாளன்று.

நமது பழைய மாணவருள் மருத்துவர் பலர். உயிரியல் கற்பிப்போரும் பலர். வெளிநாடுகளில் ஆய்வுகூடங்களிற் பணிபுரிவோரும் உளர். இவ்விழா ஆண்டின் நினைவாக மண்டபங்களும் வளைவுகளும் எழுதல் நன்றே. அவற்றின் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, பெண்ணின் உடல்நலம் பற்றி எளிய தமிழில், படங்களோடு, அறுபது எழுபது பக்கத்தில் ஒரு நூலை அவர்கள் எழுதித்தர, சங்கம் அச்சிட்டு வழங்குமாயின் பெரும் பயன் விளையும். சொற்களைத் திருத்தி ஒழுங்குசெய்து தரத் தமிழாசிரியராகிய நாம் ஆயத்தமாக உள்ளோம். அந்நூலின் முதற்படி கல்லூரி நூலகத்துக்குச் செல்லட்டும். அடுத்த படிகளை, மணமாகும் மாணவர் ஒவ்வொருவர்க்கும் சங்கத்தின் அன்பளிப்பாக அனுப்பிவைப்போமாக.